அணைக்கப்படாத கணினி

கண்ணால் கண்டவற்றையும், அன்றன்றே குறிப்பேட்டில் எழுதி வைத்தவற்றையும், இன்னொருவர் உறுதிசெய்தவற்றையும் மட்டுமே இங்கே எழுதுகிறேன். நினைவில் இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக எதையும் சேர்க்கவில்லை. இப்படி ஒரு கட்டுப்பாட்டை நானே விதித்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. என் தமக்கையின் பிறப்பைப் பற்றிய வாக்குமூலம் ஒன்றை நான் இருமுறை எழுத நேர்ந்தது. முதலில் எழுதியது அழிந்துவிட்டது. இரண்டாவதாக எழுதியது முதலாவதோடு ஒத்துப்போகவில்லை என்று நினைக்கிறேன். அப்படி நினைப்பதற்கு என் நினைவைத் தவிர வேறு சான்று என்னிடம் இல்லை. ஆகவே பின்வருவனவற்றில் ஒரே ஒரு செய்தி மட்டும் என் நினைவை நம்பி எழுதப்படுகிறது. அந்த இடம் வரும்போது சொல்லிவிடுகிறேன். உரையாடல்களைப் பேசியவர்களிடமே படித்துக் காட்டினேன். தமக்கை ஓரிடத்தில் திருத்தம் சொன்னார், திருத்திவிட்டேன்.

நான் மலாய் நாட்டு மலை ஒன்றில், தேயிலைத் தோட்ட அலுவலகத்தில் கிராணியாக, அதாவது எழுத்தராக, வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். தோட்டத்தின் எல்லையை ஒட்டிய வீட்டில் மனைவியோடும் தமக்கையோடும் வாழ்கிறேன். தமக்கை எழுபது வயதைத் தொட்டவர். கணவர் இறந்தபின் எங்களோடு வந்து சேர்ந்தார். கியா பார்ம் என்ற ஊரில் சாலையோரக் கடை ஒன்றில் ஸ்ட்ராபெரிப் பழங்களைத் தரம் பிரித்துப் பெட்டியில் அடுக்கும் வேலையை இன்றும் செய்கிறார்.

நாங்கள் இருவரும் ஒரே தாய் தந்தைக்குப் பிறந்தவர்கள். நான் தோட்ட மருத்துவமனையில் பிறந்தேன், பிறப்பைப் பதிந்தார்கள். தமக்கை அதற்குப் பல ஆண்டுகள் முன்பு எங்கோ ஒரு கூரையின்கீழ் பிறந்தார், எவரும் பதியவில்லை. அதனால் என் அடையாள அட்டை நீலம், அவருடையது சிவப்பு. நீல அட்டை குடிமக்களுக்கு உரியது. சிவப்பு அட்டை, இந்நாட்டில் நிலையாகத் தங்கியிருக்கலாம் என்ற அனுமதி மட்டுமே, வாக்குரிமை இல்லை. வாழ்நாள் முழுவதும் இதைப் பெரிதாக எண்ணாதவர், கடந்த தேர்தலுக்குப் பின் எண்ணத் தொடங்கினார்.

"வோட்டுப் போட்டவளுங்க எல்லாம் கடைக்கு வந்து வெரல நீட்டி நீட்டிக் காட்டுறாளுங்க தம்பி. அந்த மை வெச்ச வெரலாலயே பழத்தத் தொட்டு அமுக்கிப் பாக்குறாளுங்க. 'ஒனக்கு எங்கக்கா மை?'ன்னு ஒருத்தி கேக்குறா. எழுவது வருசமா இந்தக் குளுர்ல கெடக்குறவ நானு. எனக்கும் ஒரு சொட்டு மை வேணும்லா."

குடியுரிமைக்கு விண்ணப்பித்தோம். பதிவு அலுவலகம், பிறப்பையும் வளர்ப்பையும் விளக்கும் சத்தியப்பிரமாண வாக்குமூலம் ஒன்றைக் கேட்டது. கொண்டுவர வேண்டிய நாளையும் குறித்துக் கொடுத்தது. தமக்கை சொல்லச் சொல்ல நான் தமிழில் எழுதுவது, பிறகு நானே மலாயில் மொழிபெயர்ப்பது என்று முடிவாயிற்று.

அந்தச் சமயத்தில்தான் எங்கள் வீட்டுக் கணினி முதுமையை அறிவித்தது. இயந்திரத்தில் பழுது ஒன்றும் இல்லை. அதில் இருந்த இயங்குதளத்துக்கு இனி ஆதரவு கிடையாது என்றும், அதன் புதிய பதிப்பை இந்த இயந்திரம் தாங்காது என்றும் திரையில் ஓர் அறிவிப்பு நாள்தோறும் தோன்றியது. எங்கள் தேவாலயத்தின் பொருளாளரிடம் இதைச் சொன்னேன். அவர் கோலா தெர்லாவிலிருந்து காய்கறி ஏற்றிச் செல்லும் லோரியை ஓட்டுபவர். கணினிகளைப் பிரித்துப் பூட்டுவது அவருக்கு ஓய்வுநேர இன்பம். ஒரு ஞாயிற்றுக்கிழமை வழிபாடு முடிந்ததும் வீட்டுக்கு வந்து சட்டைப் பையிலிருந்து ஒரு பென்டிரைவை எடுத்தார்.

"பொட்டி நல்லாத்தாண்ணே இருக்கு. உள்ள இருக்குற சரக்குக்குத்தான் வயசாயிருச்சு. புதுசு கிதுசு வாங்காதீங்க, வேஸ்ட்லா. இது லினக்ஸு. ஓசிதான். இப்ப உள்ள எறக்கல, இந்தப் பென்டிரைவ்ல இருந்தே ஓடும். வண்டி வாங்குறதுக்கு முன்னாடி ஒரு ரவுண்டு ஓட்டிப் பாப்போம்ல, அந்த மாதிரி. புடிச்சுதுன்னா சொல்லுங்க, வந்து உள்ள எறக்கித் தர்றேன்."

கிளம்பும்போது வாசலில் நின்று இன்னொன்றும் சொன்னார். அதை என் குறிப்பேட்டில் அப்படியே எழுதியிருக்கிறேன்: "ஒன்னு மட்டும் ஞாபகம் வெச்சுக்குங்கண்ணே. பொட்டிய அடைச்சிங்கன்னா எல்லாத்தையும் மறந்துரும்."

அடைப்பது என்று எங்கள் பக்கத்தில் சொல்வது அணைப்பதைத்தான். பொருள் எனக்குத் தெளிவாக விளங்கியது. எழுதி, தேதியிட்டு, அடிக்கோடும் இட்டிருக்கிறேன். அப்படியிருந்தும் தவறு நேர்ந்தது எப்படி என்பதைச் சொல்ல, எங்கள் வீட்டு வழக்கம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும்.

இம்மலையில் ஈரம் எல்லாவற்றுக்குள்ளும் புகும். துணி அலமாரிக்குள் ஒரு சிறு மின்குமிழ் இரவும் பகலும் எரிந்துகொண்டிருக்க வேண்டும். இல்லையேல் ஞாயிற்றுக்கிழமை அணிய எடுக்கும் சட்டையின் கழுத்தில் பூஞ்சணம் பூத்திருக்கும். கணினிக்கும் இதே விதி. தோட்ட அலுவலகத்தின் முதல் கணினியை ஒரு நீண்ட விடுமுறையின்போது அணைத்துவிட்டுப் போனோம். திரும்பி வந்தபோது அது எழவில்லை. பழுதுபார்க்க வந்தவர் மூடியைத் திறந்து, உட்பலகையில் பச்சை பூத்திருந்ததை எனக்குக் காட்டினார். அன்று முதல் அலுவலகத்திலும் சரி, என் வீட்டிலும் சரி, கணினி அணைக்கப்பட்டதே இல்லை. திரையை மட்டும் அணைப்போம். பெட்டி தன் வெம்மையில் தன்னைக் காத்துக்கொண்டு முனகிக்கொண்டே இருக்கும். அதன் மேல் மனைவி ஒரு பூவேலைத் துணியை விரித்து வைத்திருக்கிறார். ஆகவே 'அணைத்தால் மறந்துவிடும்' என்ற எச்சரிக்கை, எங்கள் வீட்டில் நிகழவே நிகழாத ஒன்றைப் பற்றியதாக இருந்தது. நிகழாததை எவர் நினைவில் வைத்திருப்பார்?

புதிய இயங்குதளம் எனக்கு மிகவும் பிடித்துப்போயிற்று. மொழியைத் தேர்ந்தெடுக்கச் சொன்ன பட்டியலில் தமிழ் இருந்தது. அதைத் தேர்ந்ததும் திரையில் இருந்த கட்டளைகளெல்லாம் தமிழாயின. கோப்பு, திருத்து, சேமி, மூடு. சில சொற்களை நான் வேறு விதமாக ஆக்கியிருப்பேன். ஆயினும் ஆக்கியவர் எவரோ, பொறுப்போடு ஆக்கியிருக்கிறார். தமக்கை திரையை எட்டிப் பார்த்து, "ஐயே, குப்பத்தொட்டின்னுகூடப் போட்டுருக்கான்!" என்று சிரித்தார். திரையின் ஓரத்தில் 'நிறுவுக' என்று ஒரு படம் இருந்தது.

"அது என்னா தம்பி?"

"இத உள்ள எறக்குறதுக்குக்கா. வேல முடியட்டும், அப்புறம் பாத்துக்கலாம்."

இந்த விடையையும் குறிப்பேட்டில் எழுதியிருக்கிறேன்.

மூன்று வாரம், மாலை ஆறு மணி முதல் இரவு உணவு வரையில், தமக்கை தேநீரோடு என் அருகில் அமர்ந்து சொன்னார், நான் தட்டெழுதினேன். ஒவ்வொரு மாலையும் 'சேமி' என்பதை அழுத்திய பின்னரே எழுந்தேன். மறுநாள் கோப்பைத் திறந்தால் எழுதியது எழுதியபடியே இருந்தது. அச்சுப்பொறியைப் புதிய இயங்குதளம் அடையாளம் காணவில்லை. வாக்குமூலம் முழுமையடைந்ததும் அதற்கு வழி தேடலாம் என்று விட்டுவிட்டேன். பென்டிரைவில் படியெடுத்து வைத்திருக்கலாமே என்று கேட்கலாம். வீட்டில் இருந்த ஒரே பென்டிரைவ், இயங்குதளத்தைத் தாங்கிக் கணினியில் செருகி நின்றது.

அலுவலகத்துக்குப் போக வேண்டிய நாள் ஒரு வியாழன். அதற்கு முந்திய திங்கட்கிழமை பிற்பகல், நான்கு மணிக்கு மேல் பெருமழை பெய்தது. மின்சாரம் போயிற்று. சாலை வளைவுக்குக் கீழே, மின்கம்பியின் மேல் சாய்ந்த மரத்தை வெட்டி ஓரமாகப் போட்டிருந்ததை மறுநாள் காலை நானே பார்த்தேன். பெட்டியின் முனகல் நின்றது. பல ஆண்டுகளாகக் கேட்டுக் கேட்டுக் கேளாததாகிவிட்ட அந்த ஒலி, நின்றபோதுதான் கேட்டது.

மின்சாரம் ஆறரை மணிக்குத் திரும்பியது. கணினி முதல் நாளைப் போலவே என்னிடம் மொழி எது என்று கேட்டது. தமிழைத் தேர்ந்தேன். அதே படம், அதே கட்டளைகள், அதே 'நிறுவுக'. கோப்புறை வெறுமையாக இருந்தது.

லோரிக்காரருக்குத் தொலைபேசினேன். பின்னணியில் முட்டைக்கோசுக் கூடைகளை ஏற்றும் ஓசை கேட்டது.

"பொட்டிய அடைச்சிங்களாண்ணே?"

"நான் எங்கப்பா அடைச்சேன்? கரண்டு போயிருச்சு."

"அதுக்கு என்னாண்ணே வித்தியாசம் தெரியும்?" என்றவர், உடனே, "இருங்க இருங்க. நீங்க இன்னுமா ஓட்டிப் பாத்துக்கிட்டு இருக்கீங்க? மூனு வாரமா?" என்றார்.

"ஆமா."

"வாங்காத வண்டியில குடும்பத்தையே ஏத்திக்கிட்டு ஈப்போ வரைக்கும் போய்ட்டு வந்த கதையால்ல இருக்கு!"

மீட்க வழி உண்டா என்று கேட்டேன். இல்லை என்றார். அந்த முறையில் ஓடும்போது எழுதுவதெல்லாம் தற்காலிக நினைவகத்தில்தான் நிற்கும், வன்தட்டில் ஒரு வரிகூடப் பதியாது என்று விளக்கினார். சிரித்ததற்காகப் பிறகு வருத்தம் தெரிவித்தார்.

தமக்கை கடையிலிருந்து நனைந்து வந்தார். சொன்னேன்.

"பேப்பர் எங்க?"

"பேப்பர் இன்னும் எடுக்கலக்கா."

"மூனு வாரம், தொண்டத் தண்ணி வத்தப் பேசுனேனேடா." தலையைத் துவட்டிக்கொண்டார். "சரி. திரும்பச் சொல்றேன், எழுது. ஆனா அந்தப் பொட்டியில வேணாம்."

அன்று மாலையே கோடிட்ட குறிப்பேடு ஒன்றில் மையால் எழுதத் தொடங்கினேன். ஒவ்வொரு பக்கமும் முடிந்ததும் தமக்கையிடம் படித்துக் காட்டி அடியில் கையொப்பம் வாங்கினேன். இனி ஒரு வரியும் தவறக்கூடாது என்பதே என் எண்ணம். முதல்முறை அவர் தேநீரை உறிஞ்சிக்கொண்டு, இடையிடையே கடைக்கதை பேசிக்கொண்டு சொன்னார். இம்முறை நிமிர்ந்து உட்கார்ந்து, ஒவ்வொரு வாக்கியத்தையும் எடைபோட்டுச் சொன்னார்.

"பொறந்த எடம்?"

"இதே தோட்டம். நாலாவது லயம். கடைசி வீடு."

லயம் என்பது தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடு. என் பேனா நின்றது. நினைவை நம்பி எழுதுகிறேன் என்று தொடக்கத்தில் சொன்ன ஒரே செய்தி இதுதான்: முதல்முறை அவர் வேறோர் இடத்தைச் சொன்னார் என்பது என் நினைவு. அந்த வரியைத் தட்டெழுதியதும், எழுதியபின் வியந்து அவரைத் திரும்பிப் பார்த்ததும் எனக்கு நினைவிருக்கின்றன.

"அக்கா, மொதத் தடவ கோலா தெர்லா ரோட்டுல, காய்கறித் தோட்டத்துக் கொட்டகைன்னு சொன்னீங்க."

"நானா?"

"நீங்கதான். அப்பா கங்காணியோட சண்ட போட்டுக்கிட்டுப் போயி, கொஞ்ச காலம் சீனரு தோட்டத்துல வேல பாத்தாரு, அங்கதான் பொறந்தேன்னு."

"அப்பா சண்ட போட்டது உண்ம. கங்காணி தொப்பியப் புடுங்கி வடிகால்ல எறிஞ்சாராம், அதுவும் உண்ம. காய்கறித் தோட்டத்துக்குப் போனதும் உண்ம. அங்க பொறந்தேன்னு நான் எதுக்குடா சொல்றேன்? அங்கதான் எனக்கு மொதப் பல்லு மொளச்சுதுன்னு சொல்லியிருப்பேன்."

பல் முளைத்த செய்தியைக் கேட்டதாக எனக்கு நினைவே இல்லை. அடுக்களையில் இருந்த மனைவியிடம், முதல்முறை சொன்னது காதில் விழுந்ததா என்று கேட்டேன்.

"நீங்க ரெண்டு பேரும் குசுகுசுன்னு பேசுவீங்க. இங்க குக்கரு விசிலடிக்கும். எனக்கு எங்கேங்க கேட்டுச்சு?"

செவ்வாய்க்கிழமை தேவாலயத்துக்குப் போய், அங்கிருந்தவரிடம் பழைய ஞானஸ்நானப் பதிவேட்டை எடுக்கச் சொன்னேன். தமக்கையும் உடன் வந்தார். பதிவேடு இரும்பு அலமாரிக்குள் இருந்தது. அந்த அலமாரிக்குள் மின்குமிழ் இல்லை. தமக்கையின் பெயர், தாய் தந்தையர் பெயர், பிறந்த தேதி, ஞானஸ்நானம் பெற்ற தேதி ஆகியவை நல்ல கையெழுத்தில் தெளிவாக இருந்தன. பிறந்த இடத்துக்கான கட்டத்தின் மேல் கறுத்த பூஞ்சணம் படர்ந்து காகிதத்தைத் தின்றிருந்தது. உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்துப் பார்த்தேன். ஓர் எழுத்தையும் உறுதியாகப் படிக்க இயலவில்லை. கட்டம் வெறுமையாக விடப்பட்டிருந்ததா, எழுதப்பட்டு அழிந்ததா என்பதையும் சொல்ல இயலவில்லை.

திரும்பி வரும் வழியில் சொன்னேன்: "பொறந்த எடம் உறுதியாத் தெரியலன்னு எழுதிருவோம்க்கா."

தமக்கை சாலையிலேயே நின்றுவிட்டார்.

"எழுவது வயசுல போயி, பொறந்த எடம் தெரியலங்கன்னு நிக்கச் சொல்றியா? தெரியலன்னு சொல்றவளுக்கு எவன்டா நீல ஐசி குடுப்பான்?"

"உறுதி இல்லாதத சத்தியம் பண்ணி எழுதக்கூடாதுக்கா. பின்னால தப்புன்னு ஆச்சுன்னா மொத்தமும் போயிரும்."

"நீ ஆஸ்பத்திரியில பொறந்தியே, ஒனக்கு ஞாபகம் இருக்கா?"

"அது எப்படிக்கா இருக்கும்?"

"அப்பொறம் எப்படித் தெரியும்? பேப்பரு சொல்லுச்சு. எனக்கு எங்கம்மா சொன்னா. பேப்பருக்கு ஒரு ஞாயம், அம்மாவுக்கு ஒரு ஞாயமா?"

  தமக்கை எனக்கு முன்னால் வீட்டை நோக்கி நடக்கத் தொடங்கினார்.

புதன்கிழமை மாலை லோரிக்காரர் காய்கறியை இறக்கிவிட்டு நேராக வந்தார். பழைய கோப்புகளைத் தொடாமல் ஒரு பகுதியை ஒதுக்கி, புதிய இயங்குதளத்தை வன்தட்டிலேயே நிறுவினார். முடிந்ததும் அணைக்கச் சொன்னார். வேண்டுமென்றே அந்தக் கணினியை நான் அணைத்தது அதுவே முதல்முறை. மனைவி அடுக்களை வாசலில் வந்து நின்று, "ரொம்ப நேரம் அடைச்சுப் போடாதீங்க, ஈரம் ஏறிரும்" என்றார். 'சோதனை' என்று ஒரு சொல்லை மட்டும் எழுதிச் சேமித்து, மும்முறை அணைத்து மும்முறை இயக்கினேன். மும்முறையும் அச்சொல் இருந்தது. அச்சுப்பொறியும் இப்போது அடையாளம் காணப்பட்டது. எதனால் என்று லோரிக்காரருக்கும் தெரியவில்லை.

குறிப்பேட்டில் இருந்ததைத் தட்டெழுதிக்கொண்டு வந்து, பிறந்த இடம் என்ற வரியில் நிறுத்தினேன். தமக்கை தாமாகவே வந்து என் அருகில் அமர்ந்தார்.

"என்னா எழுதப் போற?"

நான் ஒரு வாக்கியத்தைப் படித்துக் காட்டினேன்: 'என் தாய் என்னிடம் சொன்னபடி, நான் இத்தோட்டத்தின் நான்காம் லயத்தில் பிறந்தேன்.'

"அம்மா சொன்னபடின்னு போடுறியா? நல்லாருக்கு. அது சத்தியம்."

"அம்மா அப்படித்தான் சொன்னாங்களாக்கா?"

தமக்கை என்னைப் பார்க்கவில்லை. திரையைப் பார்த்தார். பிறகு, "எழுது தம்பி" என்றார்.

எழுதினேன். அலுவலகத்தில் இருந்த காலத்தில், கேட்ட கேள்விக்கு நேரான விடை வராமல் எந்தக் கட்டத்தையும் நான் நிரப்பியதில்லை. அன்று நிரப்பினேன். லோரிக்காரர் பென்டிரைவைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு தேநீரைக் குடித்து முடித்தார். 

வியாழக்கிழமை தானா ராத்தா நகரத்துக்குப் போனோம். முதலில் சத்தியப்பிரமாண ஆணையர் முன்னிலையில் தமக்கை கையெழுத்திட்டார். பிறகு பதிவு அலுவலகம். முகப்பில் இருந்த இளம் பெண் அதிகாரி மலாய் மொழிபெயர்ப்பைப் படித்தார். ஞானஸ்நானப் பதிவேட்டிலிருந்து நாங்கள் எடுத்துவந்த நகலையும் பார்த்தார். நகலில் கறுத்திருந்த கட்டத்தின் மேல் அவருடைய விரல் சற்று நேரம் நின்றது. நிமிர்ந்து தமக்கையைப் பார்த்து, "லாஹிர் டி மானா, மாச்சிக்?" என்றார். எங்கே பிறந்தீர்கள் அம்மா என்பது கேள்வி.

நான் வாயைத் திறக்குமுன் தமக்கையே விடை சொன்னார். "டி சினிலா, புவான். டி சினி."

இங்கேதான் அம்மணி, இங்கே என்பது அதன் பொருள். சொன்னபோது நான்காம் லயத்தையும் அவர் சுட்டவில்லை, கோலா தெர்லாவையும் சுட்டவில்லை. வலக்கையின் சுட்டுவிரலை மேசையின் மேல் வைத்திருந்தார். ஸ்ட்ராபெரிச் சாறு நகக்கண்ணில் சிவந்திருந்தது. அதிகாரி மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை. முத்திரை குத்தி, பெற்றுக்கொண்டதற்கான சீட்டைக் கொடுத்தார். பேருந்துக்குக் காத்திருந்தபோது தமக்கை அந்தச் சீட்டை நான்காக மடித்துப் பணப்பையில் வைத்தார். வீட்டுக்கு வந்ததும் எடுத்து, நனைந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு, மின்குமிழ் எரியும் அலமாரிக்குள் துணிகளுக்கு மேல் வைத்தார். இன்றும் அங்கேதான் இருக்கிறது.

கணினி புதிய இயங்குதளத்தில் ஓடுகிறது. இரவும் பகலும் அணைக்கப்படுவதில்லை. இதையும் அதில்தான் எழுதினேன். ஒவ்வொரு பக்கமும் முடிந்தவுடன் அச்செடுத்தேன்.

தெரியாதவை இவை. என் தமக்கை நான்காம் லயத்தில் பிறந்தாரா, கோலா தெர்லாச் சாலையில் பிறந்தாரா என்பது எனக்குத் தெரியாது. முதல்முறை அவர் சொன்னது என்ன என்பது, நான் நினைப்பதைத் தவிர, தெரியாது. எங்கள் தாய் அவரிடம் என்ன சொன்னார் என்பதும் தெரியாது. அதை நான் மீண்டும் கேட்கவில்லை. விண்ணப்பத்துக்குப் பதில் இதுவரை வரவில்லை.